முந்திக்கொண்ட கெட்டி மேளம்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. உள்ளே மேளத்துக்கென்று போட்டிருந்த சின்ன மேடையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் நாதஸ்வரம். என் கணவரும் என் தம்பியும் தவில். நான்காவது ஆள் எங்கள் மகள். அவளுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். புரட்டாசியில் கல்யாணம் கிடையாதே, நன்றாக ஓய்வெடுப்பீர்கள் என்று பலர் எங்களிடம் சொல்வார்கள். நவராத்திரி என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு மறந்துவிடும். ஒன்பது நாளும் சாயங்காலம் கோயிலில் வாசிப்பு. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி முகூர்த்தங்கள் வரிசை கட்டி வந்துவிடும். நடுவில் தீபாவளி, அது போனதும் கந்த சஷ்டி. என் கணவருக்கு ஓர் அலுவலகத்தில் வேலை. அவருடைய லீவு மொத்தமும் இந்த இரண்டு மாதத்திலேயே தீர்ந்துவிடும். நான் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். இத்தனைக்கும் நடுவில் வீடு முழுக்க ஓடிக்கொண்டு, தவிலின் வாரைக் கடித்துக்கொண்டு, சுருதிப் பெட்டியின் திருகை எல்லாம் திருகிக்கொண்டு ஒரு குழந்தை.

அவள் பிறந்த பிறகு ஒன்றரை வருடம் நான் நாதஸ்வரத்தை உறையை விட்டு எடுக்கவே இல்லை. அந்த வருட நவராத்திரியில்தான் மறுபடி மேடையில் உட்கார்ந்தேன். நான்காம் நாள், நான் சற்று அசந்த நேரத்தில், நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியை எடுத்து முறுக்கு மாதிரி மென்றுவிட்டாள். நல்லவேளை, வேறு சீவாளி இருந்தது. ஆனாலும் வாசிப்பு நடுவில் நின்றுபோனது. கூட்டத்தில் ஒரு அம்மா, பிள்ளை வளரும் வரைக்கும் வீட்டில் இருந்தால் என்ன என்று என் காதுபடவே சொன்னார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் என்ன சொல்கிறோம் என்று யோசிக்க மாட்டேன், சொல்லிவிட்டால் பின்வாங்கவும் மாட்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், இனி ஒரே ஒரு முகூர்த்தம் இவளால் கெட்டாலும் இவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நாதஸ்வரத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று தூக்கமே வரவில்லை. ஊத முடியாத அந்த ஒன்றரை வருடம் எப்படிப் போயிற்று என்பது எனக்குத்தானே தெரியும்!

இப்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். என் மகள் லேசில் வாய் திறக்க மாட்டாள். நிலா காட்டினேன், காக்கா காட்டினேன், செல்போனும் காட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் அவளுடைய அப்பா விளையாட்டாக, கல்யாண வீட்டில் ஐயர் காட்டுவது போல ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டி, ‘கெட்டி மேளம், கெட்டி மேளம்’ என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தைத் தட்டினார். குழந்தை ஆவென்று வாயைத் திறந்தது. நான் சோற்றை உள்ளே தள்ளினேன். பிடித்தது வினை. அதற்குப் பிறகு அவள் விரலை ஆட்டினால்தான் மேளம், மேளம் கேட்டால்தான் ஒரு வாய். இருபது வாய்ச் சோற்றுக்கு இருபது கெட்டி மேளம். என் கணவர் இல்லாத நேரத்தில் தம்பி அடிப்பான். தாம்பாளம், குடம், மேசை, எது கிடைக்கிறதோ அது. அந்தச் சின்ன விரல் எழுந்தால் இருவர் கையும் தானாக விழும். குழந்தையைப் பழக்கிவிட்டோம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள்தான் எங்களைப் பழக்கியிருக்கிறாள் என்பது அப்போது புரியவில்லை.

முகூர்த்த நாட்களில் எதிர்வீட்டு அக்காதான் பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். அந்த முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் அவர் மாதா கோயில் பூசைக்குப் போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவளையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் வேன் ஏறினோம். வழியெல்லாம் அவள் காதில், ‘சமத்தா இருக்கணும், என்ன?’ என்று ஓதிக்கொண்டே வந்தேன். அவளும் தலையைத் தலையை ஆட்டினாள்.

பெண் வீடு புவனகிரி. மாப்பிள்ளை வீடு எங்கள் கடலூர்தான். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே போனது. பாப்பா எனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு பலூனோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பெண் கூரைப்புடவை மாற்றப் போயிருந்தாள். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எல்லார் கையிலும் அட்சதை கொடுத்தாகிவிட்டது. மணவறையை மறைத்துக்கொண்டு வீடியோக்காரர்களும் போட்டோக்காரர்களும் நின்றதால் ஐயரின் கை எங்களுக்குத் தெரியவே இல்லை. சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும் மச்சான், காதைத் தீட்டிக்கொள் என்று என் கணவர் தம்பியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து சேர்ந்தார். மழையில் வண்டி நின்றுபோய்த் தாமதம். பாதி நனைந்திருந்தார். நல்ல உயரம், பெரிய மீசை. மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் வைத்திருந்தார்கள். சித்தப்பா, மாமா, அத்தை என்று இரண்டு வீட்டு ஜனமும் அதில் சிரித்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் படம் மட்டும் இல்லை. வரவேற்பு மேசையில் கொடுத்த கற்கண்டைக்கூட வாயில் போடாமல் கையில் பிடித்தபடி, நேராக எங்கள் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்ணின் அப்பாவிடம் வந்தார்.

“வாசல்ல அம்மாம் பெரிய பேனரு வச்சிருக்கீங்களே, என் மூஞ்சி எங்கங்க?”

அச்சடிக்கிற இடத்தில் விட்டுப்போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பெண்ணின் அப்பா கையைப் பிடிக்கப் போனார். இவர் உதறினார். நான் வாசித்துக்கொண்டேதான் இருந்தேன். கல்யாண வீட்டில் சண்டைச் சத்தம் எழுந்தால் நாங்கள் நிறுத்தக்கூடாது, இன்னும் பெரிதாக வாசிக்க வேண்டும். ஆனாலும் மூன்றடி தள்ளி நடப்பது காதில் விழாமல் இருக்குமா? அண்ணன் தம்பிக்குள் இருந்த பழைய மனத்தாங்கல் எல்லாம் வெளியே வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஓடி வந்தார். அவரையும் ஒரு பிடி பிடித்தார். கூட்டம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. கூரைப்புடவையோடு பெண் அறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டதை நான் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

பெரியப்பா ஆள்காட்டி விரலைத் தூக்கினார். பெண்ணின் அப்பா முகத்துக்கு நேராக அதை ஆட்டினார்.

“இப்ப சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தக் கல்யாணம்...”

என் பக்கத்தில் பலூன் கீழே விழுந்தது. பாப்பா எழுந்து நின்றாள். அந்த விரலைப் பார்த்தாள். தன் விரலையும் தூக்கி ஆட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், “கெத்தி மேம்!” என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு தவிலும் இடியாக இறங்கின. சரி, அவர்கள்தான் தாம்பாளத்தைத் தட்டிப் பழகியவர்கள். நான்? என் மூச்சும் விரலும் என்னைக் கேட்காமலேயே உச்சிக்குப் போய்விட்டன. மூன்று பேரும் சேர்ந்து, பெண்ணே மணவறைக்கு வராத கல்யாணத்துக்கு, முழுக் கெட்டி மேளம் வாசித்தோம்.

கெட்டி மேளம் கேட்டால் ஜனம் சும்மா இருக்குமா? எல்லாரும் அட்சதையை வீசினார்கள். மணவறையில் பெண் இல்லாததாலோ, எல்லார் கண்ணும் சண்டையின் மேல் இருந்ததாலோ, பாதி அட்சதை பெரியப்பாவின் தலையில் விழுந்தது. ஈரத் தலை, ஈர மீசை, அப்படியே ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளைப் பையன் தாலியைத் தேடிக்கொண்டு பதறி எழுந்துவிட்டான். ஐயர் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று வீசிக்கொண்டிருந்தார்.

நிறுத்தினோம். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. முகூர்த்தத்தைக் கெடுத்தாயிற்று, அதுவும் தாலிக்கு முன்னால் கெட்டி மேளம் வாசித்து. அபசகுனம் என்று ஒருவர் வாய் விட்டால் போதும், எங்கள் பேர் போய்விடும். என் சபதமும் ஞாபகம் வந்தது. இனி இதை உறையில் போட்டுக் கட்டிவிட வேண்டியதுதான் என்று மடியில் இருந்த நாதஸ்வரத்தைப் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குள் பாப்பா மேடையிலிருந்து சறுக்கி இறங்கிவிட்டாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் தத்தித் தத்திப் பெரியப்பாவிடம் போனாள். அண்ணாந்து அவர் மீசையைப் பார்த்தாள். பிறகு, ஆவென்று வாயைத் திறந்தாள்.

அவள் கணக்கில் தப்பே இல்லை. விரல் ஆட்டியாயிற்று, மேளம் அடித்தாயிற்று, அடுத்து ஒரு வாய் வர வேண்டுமல்லவா?

அவர் குனிந்து பார்த்தார். பாப்பா திறந்த வாயை மூடவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். கையில் கற்கண்டு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, ஒரு சின்னத் துண்டை எடுத்து அந்த வாயில் போட்டார். பாப்பா கன்னத்தில் அதக்கிக்கொண்டு மறுபடி விரலைத் தூக்கினாள். என் கணவர் சட்டென்று தவிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்து முதலில் சிரித்தது யார் தெரியுமா? அறை வாசலில் நின்ற கல்யாணப் பெண். அப்புறம் மண்டபமே சிரித்தது.

பெரியப்பா மீசையிலிருந்து ஓர் அட்சதையைப் பிய்த்து எடுத்துப் பார்த்தார். அவர் தோளும் குலுங்க ஆரம்பித்தது. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“நான் என்னா சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சு. பேனரு கெடக்குது வுடுங்க சம்பந்தி. நாழியாவுது, பொண்ண அழச்சிட்டு வாங்க.”

கால் மணி நேரத்தில் தாலி கட்டு. இந்த முறை ஐயர் விரல் ஆட்டியபோது, அவர் பக்கத்தில் பெரியப்பாவும் ஆட்டினார், அவர் இடுப்பிலிருந்து பாப்பாவும் ஆட்டினாள். வாசிக்க ஆரம்பித்து இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கெட்டி மேளம் நான் வாசித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய வாசித்தேன். துடைக்கக் கை ஏது?

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா எங்கள் இலைக்கு எதிரில் வந்து நின்றார். நான் எழப் போனேன். உட்காரச் சொன்னார்.

“ஏற்கெனவே ஒருக்கா கல்யாணம் பந்தல் வரைக்கும் வந்து நின்னுபோச்சும்மா எம் பொண்ணுக்கு. அவுரு அந்த வார்த்தைய முழுசா சொல்லி, அவ காதுல வுழுந்திருந்தா, தாங்கியிருக்க மாட்டாம்மா.”

சொல்லிவிட்டுப் பாப்பாவின் தலையில் கை வைத்தார்.

தாலி கட்டும் நேரத்தில் கெட்ட வார்த்தை, அழுகை, தும்மல் எதுவும் யார் காதிலும் விழக்கூடாது, அதற்குத்தான் கெட்டி மேளம். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நானே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு வார்த்தையை அடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த இலையின் முன்னால்தான் எனக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது வேனில் ஒரே வழக்கு. முதலில் அடித்தது நீங்கள்தான் மாமா என்று தம்பி. உன் கைதான் முதலில் விழுந்தது மச்சான் என்று அவர். பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மெதுவாக என் கணவர், “என்னா, முகூர்த்தம் கெட்டுச்சா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல மனிதர் என்று அப்போது தோன்றியது. மறுநாள் காலையில் சீவாளியை நனைத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாதகத்துக்கு உட்கார்ந்துவிட்டேன்.

மறு வருடம் அதே ஐப்பசியில் புவனகிரியிலிருந்து போன் வந்தது. பேரனுக்குப் பெயர் வைக்கிறோம், மேளத்துக்கு நீங்கள்தான் வர வேண்டும், பாப்பாவை விட்டுவிட்டு வரக் கூடாது என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொன்னார். போனோம். வாசலில் பேனர். அதில் யார் படத்தை விடவும் பெரிதாகப் பெரியப்பா, மீசையோடு. கீழே ஓர் ஓரத்தில், கல்யாண போட்டோக்காரர் எடுத்த படம்: விரலைத் தூக்கிக்கொண்டு என் மகள். பேனரை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சரிபார்த்ததே பெரியப்பாதானாம்.

இப்போது அவள் எல்கேஜி போகிறாள். தானே சாப்பிடுகிறாள், எங்கள் தாம்பாளங்களும் பிழைத்தன. நானும் இந்த மூன்று வருடத்தில் ஒரு முகூர்த்தத்தையும் விடவில்லை. ஆனால் இன்றைக்கும் வீட்டில் கோபம் வந்து, இனிமேல் நான் என்று ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும்போது அந்தச் சின்ன விரல் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பாதியில் நிறுத்திவிடுகிறேன். அப்படி நான் முடிக்காமல் விட்ட எந்த வார்த்தைக்காகவும் இதுவரை நான் வருத்தப்பட்டதே இல்லை.