ஒட்டுப்பால் பூசிய டயர்

என் மோட்டார் சைக்கிளை நானே ரோட்டோடு ஒட்டிவைத்தேன். தவறிப்போய் அல்ல, மூன்று நாள் உழைத்து, ஒருவருக்கும் சொல்லாமல், திட்டம் போட்டு ஒட்டிவைத்தேன். இது நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவுக்கு வெளியே, மூடிப்போன ஓர் ஈயச் சுரங்கத்தின் ஓரமாகப் போகும் நேர்ச்சாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அந்த வயதில் செய்யும் முட்டாள்தனத்தை இளமையின் மேலும் போட முடியாது, முதுமையின் மேலும் போட முடியாது. நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாரநாள்களில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடுவது என் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு நான் பந்தய வீரன். அப்படி நான் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தயம் என்றால் வளைவு நெளிவு கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்; கொடி இறங்கியதும் கால் மைல் நேராகப் பறக்க வேண்டும். டிராக் ரேஸ். என்னுடையது கப்சாய். காலையில் வேலைக்கும் மாலையில் சந்தைக்கும் போகிற அதே சின்ன வண்டி. முன்கூடையைக் கழற்றிவிட்டால் அது பந்தய வண்டி ஆகிவிடும்.

எங்களைப் போல எட்டுப் பேர் சேர்ந்தது ‘அமெச்சூர்’ பிரிவு. இன்னொரு பிரிவு, மோட்டார் கடைகளிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள். அவர்களுடைய வண்டிகள் லாரியில் வரும். கூடவே இரண்டு மெக்கானிக்கும் ஒரு குடையும் வரும். நாங்கள் எங்கள் வண்டியிலேயே வருவோம். அதிலேயே திரும்பியும் போக வேண்டும் என்பதால் கொஞ்சம் மரியாதையாகத்தான் ஓட்டுவோம்.

அந்த ஞாயிறு தொடங்கியதே சண்டையோடுதான். இரண்டு மாதம் முன்பு எங்கள் ஆள் ஒருவரின் வண்டி நடுரோட்டில் எண்ணெயைக் கக்கிவிட்டு நின்றது. அடுத்து ஓட்டிய, கமுந்திங் ஊரைச் சேர்ந்த ஒருவர் அதில் வழுக்கி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. சம்பளத்துக்கு ஓட்டுகிற தமிழர் அவர் ஒருவர்தான். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். இப்போது ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்க, நேராகச் செயலாளரிடம் வந்தார்.

“இவங்க வண்டிய நடுவுல போட்டுட்டு போவாங்க, நாங்க அதுல விழுந்து எலும்ப ஒடைச்சிக்கணுமா?”

எங்கள் பக்கத்தில் தாப்பாவிலிருந்து வரும் ஓர் ஆசிரியர் இருந்தார். வகுப்பில் பேச முடியாததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்திருப்பவர். “ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு ரோடா? நாங்களும் பேர் குடுத்துத்தான்லா வந்திருக்கோம்” என்றார்.

“உங்களுக்கு இது ஞாயித்துக்கெழம வெளையாட்டு சார். எனக்கு இது சோறு. ஆறு வாரம் படுத்துக் கெடந்தேன். உங்களுக்கு எம்சி, டாக்டர் சீட்டு போட்டா சம்பளம் வரும். எனக்கு யாரு குடுக்குறா?”

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது.

செயலாளர் ஒரு சீனப் பெரியவர். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர் என்பதால் எங்களைவிட நல்ல தோட்டத் தமிழ் பேசுவார். “ரெண்டு பக்கமும் வாய மூடு” என்றார். “இன்னிக்கி எட்டு அமெச்சூர் வண்டி. எட்டும் அந்தக் கடைசிக் கோட்டத் தாண்டணும். ஒண்ணு நடுவுல படுத்து, நான் லாரி அனுப்பி எடுத்தேன்னு வையி, ஹாபிஸ். எல்லாம் முடிஞ்சிச்சி. அடுத்த மாசத்துலேருந்து அமெச்சூரே கெடையாது.”

நாங்கள் எட்டுப் பேரும் தலையாட்டினோம். எல்லாரையும்விட வேகமாக ஆட்டியவன் நான்.

இந்த இடத்தில் என் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் மரத்தின் வெட்டிலும் கோப்பையிலும் ஒட்டிக் காய்ந்துபோகிற பாலை ஒட்டுப்பால் என்போம். அதைப் பெட்ரோலில் ஊறப்போட்டால் கெட்டிப் பசையாகிவிடும். சைக்கிள் டியூபிலிருந்து காற்பந்து வரை தோட்டத்தில் எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் ஒட்டுவோம். கொடி இறங்கும்போது என் வண்டியின் பின்சக்கரம் வீணாகச் சுழன்று நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ரோட்டைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால்? நூலகத்தில் உராய்வு பற்றிய புத்தகம் ஒன்றில் முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்தேன். ஊருக்குப் போய் ஒரு பை ஒட்டுப்பால் கொண்டுவந்தேன். பால்மாவு டின்னில் மூன்று நாள் ஊறவைத்தேன். வெயில் பட்டால் என்ன ஆகும் என்பது மூன்றாவது அத்தியாயத்தில் இருந்திருக்கலாம்.

எங்கள் பிரிவில் மூன்று ஜோடிகள் ஓடி முடித்தார்கள். இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் ஆறு வண்டிகள் கோட்டைத் தாண்டின. கடைசி ஜோடி நானும் ஆசிரியரும். பூசிய ஐந்தாவது நிமிடம் புறப்பட வேண்டும் என்பது என் கணக்கு. புதருக்குப் பின்னால் போய்ப் பின்சக்கரம் முழுக்கப் பசையைத் தடவி, புறப்படும் கோட்டுக்கு வந்து நின்றேன்.

அப்போதுதான் ஒரு கடை முதலாளி, வெயிலில் எஞ்சின் சூடாகும் முன் தன் ஆள்களின் முதல் சுற்று முடிய வேண்டும் என்றார். அவருடைய ஆள்கள் முதலில் ஓட வேண்டுமாம். அந்தக் கமுந்திங்காரரும் அவருடைய ஆள்தான். “ஓரமா போங்க, ஓரமா” என்று எங்கள் இருவரையும் ரோட்டைவிட்டு இறக்கினார்கள். ரோட்டோரம் முழுக்கப் பொடிச் சரளை.

ஐந்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமானது. பதினோரு மணி வெயில். என் மெக்கானிக்காக வந்திருந்த நண்பன் குனிந்து பார்த்தான். தோட்டத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன்.

“மச்சான், டயரு என்னடா எண்ண தேச்ச தலை மாதிரி மின்னுது?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒட்டுப்பால் நாத்தம் வருதே.”

“காத்து அடிக்குதுடா.”

“சுத்துவட்டாரத்துல ஒரு ரப்பர் மரம் கெடையாதுலா, எங்கேருந்து காத்து?”

அப்போதாவது செயலாளரிடம் போய், “ஐயா, பத்து நிமிடம் கொடுங்கள், டயரைக் கழுவிக்கொள்கிறேன்” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கமுந்திங்காரர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பேர் கூப்பிட்டார்கள். வண்டியைச் சரளையிலிருந்து பிய்த்து எடுத்துக் கோட்டில் நிறுத்தினேன். பின்சக்கரம் கடலைமிட்டாய் போல இருந்தது.

கொடி இறங்கியது. சக்கரம் சுழலவே இல்லை. அந்தமட்டில் என் விஞ்ஞானம் சரிதான். வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த கணம் ஒட்டியிருந்த கற்கள் நாலாபக்கமும் சிதறின. பசை நூல் நூலாக இழுபட்டுச் செயினில் சுற்றியது. அதோடு கல்லும் உள்ளே போனது. நூறு மீட்டர் தாண்டியதும் படீரென்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. செயின் அறுந்து எனக்குப் பின்னால் செத்த பாம்பைப் போலக் கிடந்தது. ஆசிரியர் தூரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டார்.

ஏழு ஆயிற்று. எட்டாவது நான்.

புறப்பட்ட இடத்தில் லாரிக்கு உயிர் கொடுக்கும் சத்தம் கேட்டது. நான் இறங்கினேன். எஞ்சினை அணைத்தேன். ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தேன்.

இன்னும் முந்நூறு மீட்டர். தார் இளகியிருந்தது. டயரில் மிச்சமிருந்த பசை அடிக்கு ஒருமுறை ரோட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு அடிக்கும் அதை உரித்து எடுக்க வேண்டியிருந்தது. நண்பன் புல்லில் கூடவே ஓடிவந்தான்.

“தொடாதடா!” என்று கத்தினேன். இன்னொரு கை பட்டால் நான் தாண்டியதாகக் கணக்கு வராது.

“தொடல மச்சான்! நீ லாரிய பாக்காத, கோட்ட பாரு! தள்ளு! எருமை மாதிரி தள்ளு!”

பாதி வழியில் ஒரு சப்பாத்து இளகிய தாரில் சிக்கி விழுந்தேன். வண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார எனக்கு ஆசைதான். நிமிர்ந்து பார்த்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. வாரம் முழுக்க அடுத்தவர் அடிக்கிற மணிக்கு எழுந்து உட்காருகிற மனிதர்கள். அவர்களுக்கென்று இருந்த ஒரே ஒரு நாளை, அவர்களைக் கேட்காமலே, நான் என் டயரில் ஒட்டிவைத்திருந்தேன். எழுந்தேன். காலிலிருந்து கழன்ற சப்பாத்து தாரிலேயே தங்கிவிட்டது. அதை விட்டுவிட்டுத் தள்ளினேன். கடைசி ஐம்பது மீட்டர் எனக்குச் சரியாக நினைவில்லை. முன்சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறியதும், பின்சக்கரமும் தாண்டட்டும் என்று இன்னும் இரண்டு அடி தள்ளியதும் மட்டும் நினைவிருக்கிறது. நான் குமாஸ்தா. எதையும் அரைகுறையாக விட்டால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

லாரி புறப்பட்ட இடத்திலேயே நின்றிருந்தது. செயலாளர் கையைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தாராம்.

எல்லாரும் கூடிவிட்டார்கள். கடை முதலாளி, தள்ளிக்கொண்டு வந்ததையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மலாயில் வாதாடினார். செயலாளர் தலையைச் சொறிந்தார். கமுந்திங்காரர் குனிந்து என் டயரைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“ஒட்டுப்பாலா அண்ணே?”

“ஆமா தம்பி” என்றேன். அதுவரை அடக்கிவைத்த உண்மை அத்தனை பேர் முன்னால் வெளியே வந்தது.

அவர் ரோட்டோடு நடந்து போனார். இரண்டு இடத்தில் குனிந்து தாரைத் தடவிப் பார்த்தார். அறுந்த செயினையும் என் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். தனக்குச் சம்பளம் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செயலாளரிடம் சொன்னார்: “எண்ண ஒரு சொட்டு இல்ல. லாரி போவல. கோட்டத் தாண்டிட்டாரு. அங்கிள் சொன்னது அவ்வளவுதானே?”

முதலாளி முகம் சுருங்கியது. செயலாளர், “போலே, போலே, செல்லும். அடுத்த மாசம் எட்டுப் பேரும் வாங்க” என்று சொல்லி முடித்துவிட்டார். ஏழு பேரும் அப்போதுதான் கத்தினார்கள். நான் ஒரு துடைப்பம் வாங்கிக்கொண்டு, தார் அப்பிய சப்பாத்தோடு, கால் மைலும் சரளையைக் கூட்டினேன். கமுந்திங்காரருக்கு அந்த ரோட்டில் இன்னொரு சுற்று மிச்சமிருந்தது.

இன்றைக்கும் ஆசைக்காக ஏதாவது ஒரு காரியத்தில் நான் தலையை விடும்போது, அதையே சோறாகக் கொண்ட ஒருவன் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறான் என்ற நினைப்பு வருகிறது. நான் கொட்டியதை நான்தான் கூட்டிவிட்டு வர வேண்டும் என்ற நினைப்பும் வருகிறது.

அன்று கிளம்பும் முன் அவரைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். உள்ளூர எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர் கை கொடுத்தார். என் வண்டியை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார்.

“தள்ளிக்கிட்டுத்தான் வரப்போறீங்கன்னா, எஞ்சின வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்திருக்கலாம்லா அண்ணே. பாரமாச்சும் கொறஞ்சிருக்கும்.”