மூன்று ஐந்துக்கு அழியும் செய்தி

இருபது வருடம் பத்திரம் எழுதியே பிழைத்த வக்கீல் அவள். நாற்பத்தாறு வயதில், மின்னணுத் தகவல் தொடர்புச் சட்டத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தாள். வகுப்பிலிருந்த இளவட்டங்கள் முதல் வாரமே 'பத்திரம் அக்கா' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நாத்தனாரின் வாய் இருக்கிறதே! வகுப்புக்குக் கிளம்பும் மாலைகளில் தவறாமல் வாசலில் வந்து நிற்பாள்.

"அண்ணி ஸ்கூலுக்குக் கிளம்பியாச்சு! டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டீங்களா?"

தெருவுக்கே கேட்கும்.

கடைசிப் பரீட்சையன்று மதியம் இரண்டு இருபதுக்கு, செல்போனை உறையில் போட்டுக் கண்காணிப்பாளரிடம் நீட்டிய நேரம் பார்த்து அது அடித்தது. நாத்தனார்தான்.

"அண்ணி..." அதற்கு மேல் அழுகை.

விஷயம் துண்டு துண்டாக வந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து அவளுடைய அந்தரங்கப் படங்களைத் திருடிவிட்டான் கடைக்காரன். சொன்ன இடத்துக்கு வராவிட்டால் எல்லாம் புருஷனுக்குப் போகும் என்று எழுதியிருக்கிறான். அந்தச் செய்தி, படித்த ஒரு மணி நேரத்தில் தானாக அழியும்படி வேறு வைத்திருக்கிறான், படுபாவி. அவள் அதைத் திறந்தது இரண்டு ஐந்துக்கு.

"நானே இப்பவே அழிச்சுத் தலைமுழுகிடறேன் அண்ணி."

"கை வைக்காதே! ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், எடுத்தா அவனுக்குத் தகவல் போயிடும். அங்க யார்கிட்டயாவது வேற போன் வாங்கி வீடியோ எடு."

"ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் செத்தேன்."

நாத்தனார் அங்கே வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"மேடம், ரெண்டரைக்குக் கதவைச் சாத்திடுவோம். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

இரண்டு வருட உழைப்பு. போயும் போயும் இந்த வாய்க்காரிக்காகவா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உறையிலிருந்து போனை உருவிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வழியெல்லாம் நெரிசல். பாதி தூரத்தில் வண்டியை விட்டு இறங்கி ஓடினாள். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு அறையில் இருவரும் தாழ்போட்டுக்கொண்டபோது மணி இரண்டு ஐம்பத்தெட்டு. முழங்கைகளை ஓர் அட்டைப்பெட்டியின் மேல் ஆடாமல் அழுத்தி ஊன்றிக்கொண்டு, தன் போன் வீடியோவில் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் படம் பிடித்தாள். அப்படியே நிறுத்தாமல் நாத்தனாரின் போனுக்கு வந்தாள்.

"நீயே நகர்த்து. என் கை அதுல படவே கூடாது. முதல்ல அவன் நம்பர். அப்புறம் செய்தி. வாய்விட்டுப் படி."

"என்னால முடியாது அண்ணி."

"முடியும். படி."

படித்தாள். மூன்றாவது வரிக்கு வந்தாள். அந்தச் சமயத்தில் போன் அலறியது. அவனேதான். நாத்தனார் சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"எடுக்காதே, கட் பண்ணாதே. அடிக்கட்டும்."

அடித்து ஓய்ந்தது. மீதி வரிகளையும் படித்து முடித்தாள். மூன்று ஐந்துக்கு, இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தெல்லாம் காணாமல் போய்த் திரை வெறுமையானது.

"போச்சு அண்ணி!"

"போகட்டும். போனதும் இதுல பதிவாயிருக்கு."

காவல் நிலையத்தில் அதிகாரி வீடியோவை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

"எங்கயும் வெட்டே இல்லையே, கோர்ட்டுல நிக்கும். யாரும்மா எடுத்தது?"

"எங்க அண்ணி சார். இதுக்குத்தான் படிக்கிறாங்க."

மறுநாளே அவன் பிடிபட்டான். படங்களும் அவன் கணினியோடு சிக்கின. பத்திரம் அக்கா அன்றைக்குத்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தவறிப்போன பரீட்சைக்காக ஆசை தீர அழுதாள்.

அடுத்த வருடம் அதே பரீட்சை. கிளம்பி வாசலுக்கு வந்தால், நாத்தனார் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிற்கிறாள். கையில் நிஜமாகவே ஒரு டிபன் பாக்ஸ். இந்தத் தடவை தெருவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நானும் வரேன் அண்ணி. போனை என்கிட்ட கொடுத்துட்டு உள்ள போங்க. யார் அழுதாலும் நான் பார்த்துக்கறேன்."