பொட்டி சொன்ன எடை

பாப்பாத்திக்கு எத்திராஜ் ஐயாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். கைநீட்டி வாங்கிய கடனல்ல. வாயால் வந்த கடன்.

வெள்ளிக்கிழமை காலைகளில் அவரைப் பார்க்க வேண்டுமே! புத்தூரிலிருந்து நகரி போகும் சாலையில், லாரிகளை எடை போடும் தன் எடைமேடையின் அறைக்குள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து நிற்பார். மேடையிலிருந்து எடையைக் கொண்டுவரும் கேபிளைப் பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, மறுபடி சொருகுவார். சோறு போடுகிற கேபிள். வெறும் நெற்றியோடு விடலாமா?

வெல்ல மண்டியில் மூட்டை சுமந்த தோள் அது. காணி நிலமில்லாத குடும்பம், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்கு. "அப்ப மூட்டைய தூக்கினேன். இப்ப ஒக்காந்துகினே லாரிய தூக்கறேன்" என்பார். சொல்லிவிட்டு, கேட்டவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். வியப்பு தெரியாவிட்டால் இன்னொரு முறை சொல்வார்.

எடைச்சீட்டு அடிக்கும் புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதுவும் டாங்கிள் என்று விரல் நீளச் சாவி ஒன்று சொருகியிருந்தால்தான் கண் திறக்கும். செய்து கொடுத்தவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்தபோது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லாத ஆளில்லை. எத்திராஜ் அசையவில்லை. காசு கொடுத்து வாங்கியது. லோடு எடையில் கழிக்க வேண்டிய, சுற்றுவட்டார வெறும் வண்டிகளின் எடையெல்லாம் அதில்தான் இருந்தது.

புத்தூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கல்பனாதான் வழி கண்டாள். புது மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை பண்ணவைத்து, பழைய விண்டோஸை அங்கே குடியேற்றினாள். டாங்கிளையும் கேபிளையும் உள்ளே இருப்பவனிடம் கொடுத்தால் போதும், அவன் பாட்டுக்கு வேலை செய்வான். "ஆனா கேபிள கழட்டி மாட்டினா வெளில கீறவன் புடிச்சிக்குவான் பெரீப்பா. மறுபடியும் உள்ள குடுக்கணும். இங்க ஒரே ஒரு கிளிக்கு."

இந்த ஏற்பாட்டை எத்திராஜ் லாரிக்காரர்களுக்கு விளக்கும் அழகே தனி. "வெளில கீறவன் புது மாப்ள. உள்ள ஒக்காந்துகினு கீறவன் மாமனாரு. ஊட்ட மாப்ள பாத்துக்குவான். கணக்கு மட்டும் மாமனாரு கையில."

மாங்காய்ப் பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பூக்காரி தாமதமாக வந்தாள். அதற்குள் ஒரு வேனுக்கு எடை போட்டாகிவிட்டது. பிறகுதான் பூசை. கேபிளைப் பிடுங்கினார், பொட்டு வைத்தார், சொருகினார். கிளிக்கை மறந்தார். கேபிள் மாப்பிள்ளை கையில். மாமனார் கடைசியாகப் பார்த்த வேனின் எடையையே திரையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் பாப்பாத்தியின் டிராக்டர் மேடை ஏறியது. அவள் குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பின் காய்.

சீட்டை வாங்கியவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், மேடையின் எடையை நேராகச் சிவப்பு எண்களில் காட்டும் பொட்டி இருந்தது.

"நைனா, பொட்டியில அறுநூறு கிலோ ஜாஸ்தியா எரியுதே?"

"பொட்டிக்கு இன்னாம்மா தெரியும்? அது வெறும் பல்பு. ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு கம்ப்யூட்டரு வெச்சி எட போடறேன். எத்திராஜ் எடைய எந்த மண்டியிலயும் மறு எட போட மாட்டான். போ, போய் துட்ட வாங்கு."

அவள் வாதாடவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கிலோ ஒன்பது ரூபாய் விலையில், சீட்டில் இருந்ததற்கு மண்டியில் பணம் கொடுத்தார்கள்.

அடுத்து ஸ்ரீ சிட்டியிலிருந்து பழைய இரும்பு ஏற்றிவந்த ரமணாவின் லாரி. அவள் சீட்டு வாங்கும்போதே அவன் ஜன்னலோரம் காத்து நின்றிருந்தான். திரையில் அதே எண்.

"ஏம் நாயனா, என் லாரியும் மாங்கா டிராக்டரும் ரெட்டப் புள்ளைங்களா?"

எத்திராஜ் திரையைத் தட்டிப் பார்த்தார். கல்பனாவுக்குப் போன் போட்டார்.

"கேபிள கழட்டினீங்களா பெரீப்பா?"

"பொட்டு வெச்சேன்."

"வெச்சிட்டு உள்ள குடுத்தீங்களா?"

போனை வைத்தார். ஒரு கிளிக். எண் துள்ளி லாரியின் எடைக்கு ஏறியது. "கரண்ட்டு கோளாறு" என்றார் ரமணாவிடம்.

அன்றே மண்டிக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. எத்திராஜ் எடை தவறியது என்று ஒருவன் சொன்னால், நேற்று போட்டவன், முந்தாநாள் போட்டவன் எல்லாரும் சீட்டோடு வருவார்கள். மூட்டை சுமந்து சேர்த்த காசு போனால் மறுபடி சுமக்கலாம். பேர் போனால்?

பாப்பாத்தியின் டிராக்டர் அதற்குப் பிறகும் அந்தச் சாலையில்தான் போனது. மேடைப் பக்கம் திரும்பாமல், தொலைவில் இருக்கும் வேறு மேடைக்கு. எத்திராஜ் யாரிடமாவது மாமனார் மாப்பிள்ளைக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அந்த டிராக்டர் சத்தம் கேட்டால் கதை பாதியில் நின்றுவிடும். ஒருநாள், யாரும் கேட்காமலே, சிவப்பு எண் பொட்டியைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

பருவத்தின் கடைசி லோடு. எத்திராஜ் நடுச்சாலையில் கை நீட்டி டிராக்டரை மறித்தார். எதிர் டீக்கடையில் ரமணாவும் நாலைந்து டிரைவர்களும்.

"மேடையில ஏத்து."

"வேணா நைனா. அங்க பொட்டியும் சீட்டும் ஒண்ணே சொல்லுது."

"அன்னிக்கி நீ சொன்னதுதான் சரி" என்றார், மண்டியில் ஏலம் கூறுகிற குரலில். "பொட்டி சரி. கம்ப்யூட்டரும் சரி. தப்பு என்னுது. அறுநூறு கிலோ."

டீக்கடையிலிருந்து ரமணா குரல் கொடுத்தான். "பாப்பாத்தியக்கா, லோடு மேல தார்பாய் போடு. நாயனா தப்ப ஒத்துக்கினாரு, மழை கியாரண்ட்டி!"

எத்திராஜ் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். டிராக்டரில் உட்கார்ந்தபடியே அவள் கை நீட்டினாள். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாக வைத்தார். ஐயாயிரத்து நானூறு.

கை மூடவில்லை.

"இன்னாம்மா? எண்ணிக்கோ. சரியா கீது."

"எடக்கூலி நூறு ரூவா வாங்கினியே நைனா. தப்பா போட்ட எடைக்கு?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடுப்பு மடிப்பை அவிழ்த்து, கசங்கிய ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து, தொடையில் வைத்து நீவி நேராக்கி, விரிந்தே இருந்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.