மேட்டு வீட்டு வாசலில் முதல் குடம்

“அவிஸ், தண்ணீர் சுமக்கும் கில்பர்ட் கார்பியின் மனைவி: பேர்போன வாயாடி, ஓங்கிய குரலால் அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் குலைப்பவள், பெண்களைக் கூட்டிக் கலகம் விளைப்பவள்.”

பழைய லண்டனில் ஒரு டிசம்பரில், வட்டாரத்துக் குற்றங்களை விசாரிக்கக் கூடிய வார்டு கூட்டம் இப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறது. பன்னிரண்டு கனவான்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவை போட்டிருக்கிறார்கள்; அவர்கள் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

அவிஸின் ஓங்கிய குரலைப் பற்றிச் சொல்வதானால், மீன்காரியிடம் அவள் பேரம் பேசியதே மீன்காரிக்குத் தெரியாது. ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டி வரிசையில் யாராவது முன்னால் வந்து நுழைந்தால் அவிஸ் ஆட்சேபிப்பாள். அவள் ஆட்சேபித்தது அவளுக்கு மட்டும்தான் கேட்கும்.

தண்ணீர் சுமப்பது கில்பர்ட்டின் தொழில். பிப்ரவரிப் பனியில் வழுக்கி விழுந்து அவனுடைய தோளெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து மூன்று கேலன் பிடிக்கும் மரக்குடம் அவிஸின் தோளுக்கு மாறியது. தொழிலின் ஞானம் மட்டும் கில்பர்ட்டிடமே தங்கிவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து, வரிசையில் முழங்கையை எப்படி அகட்டி நிற்பது, எவள் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று தினமும் பாடம் நடத்துவான். அவள் போன பிறகும் சிறிது நேரம் நடத்துவான் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்வார்.

அந்த ஆகஸ்டில் மழை இல்லை. நிரந்தரமாகத் தண்ணீர் வாங்கும் ஒரே இடம் வாட்லிங் தெருவில் உர்சுலா பீஸ்லி நடத்திய கறியப்பக் கடை. மற்ற வீடுகள் நினைத்தால் வாங்கும், நினைக்காவிட்டால் வாங்காது. உர்சுலா வாங்குவதை நிறுத்திவிட்டால் அவிஸ் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். மூன்று நாளாகத் தண்ணீர் தாமதமானதும் உர்சுலா கதவிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள்.

“இங்க பாரு அவிஸு. நாளைக்கு எட்டு மணி அடிக்கறதுக்குள்ள ரெண்டு குடம் வந்தாகணும். வரலேன்னா குதிரைக்காரன்கிட்ட ஆத்துத் தண்ணி வாங்கிக்கறேன்.”

ஆற்றில் என்னென்ன மிதக்கிறது என்று அவிஸ் மெதுவாக நினைவூட்டினாள்.

“அப்பத்துக்குள்ள என்ன கறின்னே எவனும் கேக்கறதில்ல. தண்ணியக் கேக்கப் போறானா?”

மறுநாள் ஐந்து மணிக்கே அவிஸ் தொட்டிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் முப்பத்தொரு குடங்கள் நின்றிருந்தன. ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். ஒருவருக்கு ஒரு குடம்தான், நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், இரண்டாவது வேண்டுமானால் மறுபடியும் கடைசியிலிருந்து. இந்தச் சட்டத்தை மீறினால் தொட்டிக் காவலர் குடத்தின் அடியை உதைத்து உடைப்பார். அவருக்கு உத்தியோகத்தில் இருந்த ஒரே இன்பம் அது.

குழாயிலிருந்து தண்ணீர் நூல் போல விழுந்தது. காரணம் ஊருக்கே தெரியும். குன்றிலிருந்து வரும் ஈயக்குழாய், தொட்டியை அடையும் முன், சற்று மேட்டில் இருக்கும் மாஸ்டர் ஹாடில் என்ற துணி வியாபாரியின் வீட்டுச் சுவரோரமாக வருகிறது. அதிலிருந்து தன் முற்றத்துக்கு ஒரு கிளைக்குழாய் இழுத்துக்கொள்ள நகராட்சி அவருக்கு அனுமதி தந்திருந்தது. வாத்திறகுத் தண்டின் பருமனுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அங்கே இருந்த குழாயின் பருமனைப் பார்த்தால், அந்த வாத்தைப் பிடிக்க நான்கு ஆள் வேண்டியிருந்திருக்கும்.

இதை உரக்கச் சொல்லும் பொறுப்பை மார்ஜரி ஸ்னெல் ஏற்றிருந்தாள். அவள் குரல் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். “நம்ம தொண்டை காயுது, அவரு நாய் தெனமும் குளிக்குது” என்று தொடங்கினால் அவள் குடம் நிரம்பும் வரை நிறுத்தமாட்டாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். வரிசை நகரவில்லை.

ஏழு மணி தாண்டி வெகுநேரம் கழித்து அவிஸின் குடம் ஒருவழியாக முதலாவதாக வந்தது. குழாய்க்கு அடியில் வைத்தாள். நூல் சொட்டாயிற்று. சொட்டும் நின்றது.

தலையிடாமல் இருப்பதே தலையாய கடமை என்று காவலர் வானத்தைப் பார்த்தார். ஹாடில் வீட்டில் இன்று பெரிய துவைப்பு, மூன்று மாதத்துத் துணி என்று யாரோ சொன்னார்கள். இரண்டு குடம் என்பது இனி நடக்காது. ஒன்றாவது போய்ச் சேருமா என்றுதான் அவிஸ் கணக்குப் போட்டாள். அப்போது அவள் காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். மேட்டிலிருந்து சாக்கடை வழியாகத் தெள்ளத்தெளிவாகத் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. ஒரு துணிகூட இன்னும் அதில் முக்கப்படவில்லை. ஹாடில் வீட்டுத் துவைப்புத் தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர்.

அவிஸ் குடத்தைத் தூக்கினாள். நாற்பது அடி மேலே நடந்து, ஹாடில் வீட்டின் திறந்திருந்த முற்றத்து வாசலில் வைத்தாள்.

“எங்கடி போற?” என்று மார்ஜரி கத்தினாள்.

“தண்ணி இங்கதானக்கா இருக்கு” என்றாள் அவிஸ். அது யாருக்கும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் குடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரிசை. இரண்டாவது குடத்துக்காரி தன்னுடையதைக் கொண்டுவந்து அதன் பின்னால் வைத்தாள். மூன்றாமவள் தன் இடம் பறிபோய்விடுமோ என்று ஓடிவந்தாள். கொஞ்ச நேரத்தில் மொத்த வரிசையும், யார் முன் யார் பின் என்ற சண்டைகளோடு சேர்த்து, மேட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. முற்றத்தில் இருந்த துவைக்கும் பெண்ணும் வரிசையைப் பார்த்தே வளர்ந்தவள்.

“ஒருத்தருக்கு ஒரு கொடம்தான்” என்று சொல்லிக்கொண்டே அவிஸின் குடத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

அவிஸ் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகுதான் மாஸ்டர் ஹாடில் இரவு அங்கியோடு இறங்கி வந்தார். அதன் பிறகுதான் மார்ஜரி வாத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாள். அதன் பிறகுதான் யாரோ அவருடைய ஈரப் படுக்கைவிரிப்பை மிதித்தார்கள். அவர் முற்றத்துக் குழாயை இறுக மூடி, கதவைச் சாத்தினார்.

எட்டு மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அவிஸ் கடைக்குள் நுழைந்தாள். உர்சுலா வெளியே எட்டிப் பார்த்தாள். “இன்னொண்ணு?”

அவிஸ் ஓடினாள். மேட்டு வீடு மூடிவிட்டதால் தொட்டிக் குழாயில் அந்தக் கோடையிலேயே காணாத வேகத்தில் தண்ணீர் கொட்டியது. அவள் குடத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டு குடங்கள் இருந்தன. இரண்டாவது குடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உர்சுலா ஆற்றுத் தண்ணீரில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“இனிமே நீ ஒரு கொடம், குதிரைக்காரன் ஒரு கொடம்” என்றாள். “இதுக்கு மேல என்னால முடியாதும்மா.”

பாதிப் பிழைப்பு போயிற்று. டிசம்பரில் விசாரணை வந்தபோது ஹாடிலுக்குக் கலகத் தலைவி ஒருத்தி தேவைப்பட்டாள். பேசியது யார் என்று கேட்டார். நாற்பது பெண்களும் தாங்கள் ஊமை என்பது போல நின்றார்கள். முதல் குடம் யாருடையது என்று கேட்டார். அதில் கில்பர்ட்டின் சூட்டுக்குறி இருந்ததைக் காவலர் பார்த்திருந்தார். வார்டு எழுத்தரிடம் பெண்களுக்கென்று இருந்த குற்றத் தலைப்புகளே மூன்று. மற்ற இரண்டையும் எழுத அவருக்கே கூச்சமாக இருந்ததால் வாயாடி என்று எழுதினார். அவிஸ் மறுத்துப் பேசினாள். அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள்.

அன்று காலை அவிஸ் கார்பி ஒரு காலிக் குடத்தைத் தண்ணீர் இருந்த வாசலில் வைத்தாள். அது நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போய் வாட்லிங் தெருக் கடையில் ஊற்றினாள்.