காரியம் செய்பவர்

ஈரச் சேலையோடும் இடுப்பில் மண்குடத்தோடும் தன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கத் தயாராக நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "போய் சேலைய மாத்திக்குங்கம்மா, ஆம்பள ஆள வரச் சொல்லியிருக்கு" என்று சொன்னவன் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. கோபத்தில் சொன்னதும் இல்லை. சாவு வீட்டுக்கு உரிய தணிந்த குரலில், மிகுந்த மரியாதையோடு சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் முந்தானையிலிருந்து சொட்டிய நீர் சிமெண்டுத் தரையில் சிறு வட்டமாகப் பரவியதும், அதை மிதிக்காமல் நான் காலைத் தள்ளி வைத்துக்கொண்டதும் இன்றும் நினைவில் இருக்கின்றன.

கடல் கடந்து வந்த தமிழர்கள் நிறைந்த சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் குடியிருந்தார். பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்துப் பிழைத்ததால் தையல்கார அக்கா என்பதே பெயராகிவிட்டது. அவரைவிட மூத்தவனான நானும் அப்படித்தான் சொல்வேன். தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஒருநாள் சரக்குக் கட்டு அறுந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தாய் முன்பே இறந்திருந்தார். வேறு பிள்ளைகள் இல்லை. பதினோரு ஆண்டுகள் அவரைப் புரட்டி, துடைத்து, குளிப்பாட்டி, ஊட்டிக் காப்பாற்றியது இந்த ஒரே மகள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் அப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் கோவிலின் ஈமக்காரியக் குழுவுக்குச் செயலாளரும்கூட. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் படிவத்தை எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பது நான்தான். பிண வண்டி, சடங்கு செய்யும் பண்டாரம், மின்சுடலையில் நேரம் எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் அடங்கிவிடும். அதில் ஒரு கட்டம்: 'காரியம் செய்பவர் (மகன், பேரன், பங்காளி).' அது காலியாகக் கிடந்தால் எனக்குக் கை ஓடாது.

அன்று காலை நாலு பேரிடம் விசாரித்து, புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தூரத்துப் பங்காளி ஒருவரைக் கண்டுபிடித்தேன். அவருடைய சூப்பர்வைசரிடம் தொலைபேசியில் பேசி அரைநாள் விடுப்பு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதைப் பெரிய தொண்டாக நினைத்துக்கொண்டேன். தொழிற்சாலைச் சட்டையோடு வந்து இறங்கிய அவர் பின்கட்டுக் குழாயடியில் குளித்துவிட்டு வந்ததும், அக்காவின் இடுப்பிலிருந்த குடத்தை நானே வாங்கி அவர் தோளில் வைத்தேன்.

"நம்ம சமயத்துல விதி அப்படிம்மா. நானா வச்சது இல்ல" என்றேன். சொல்லிவிட்டுப் பண்டாரத்தின் பக்கம் திரும்பினேன். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

அந்நாளில் பெண்கள் தெருமுனையைத் தாண்டி வரமாட்டார்கள். அங்கே பாடையை இறக்கிவைத்துக் கடைசிச் சடங்கைத் தொடங்கும்போது பண்டாரம், "பெரியவர் பேரச் சொல்லுப்பா" என்றார். பங்காளி என்னைப் பார்த்தார்.

"பெரியப்பா பேரு தெரியலையே சார்."

கூட்டத்தில் யாரோ, "யார் வீட்டுக்கு வந்தோம்னு பாத்துட்டாச்சும் வந்திருக்கலாம்லா" என்றார். இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அக்கா தன் தகப்பன் பெயரை ஒரே ஒருமுறை, தெளிவாகச் சொன்னார். பண்டாரம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு மேலே நடத்தினார். வேலை நின்றுபோகாமல் தப்பியதே என்றுதான் எனக்குப் பட்டது.

சென்ற ஆண்டு என் மனைவி இறந்தார். எங்களுக்கு இரண்டும் பெண்கள். குழுவிலிருந்து வந்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த மூத்தவள் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். "இதுல நாங்க எங்கப்பா இருக்கோம்?" என்று கேட்டாள். கணவன் என்ற முறையில் நானே கொள்ளி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த விதியை முறைப்படி நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். அதற்கு விதி எண் வேண்டுமே. கோவில் அலுவலக அலமாரியைத் திறந்து மூன்று நாள் தேடினேன். சட்டவிதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கூட்டக் குறிப்பேடுகளிலும் இல்லை. அடித்தட்டில், நான் பொறுப்பேற்பதற்கு முந்தைய படிவங்கள் கட்டாக இருந்தன. அவற்றில் 'காரியம் செய்பவர்' என்று மட்டுமே இருந்தது. அடைப்புக்குறியும் அதற்குள்ளிருந்த மகனும் பேரனும் பங்காளியும், படிவத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தட்டச்சில் நான் சேர்த்தவை.

கட்டைப் புரட்டினேன். இறந்தவர் ஒரு துறைமுகத் தொழிலாளி. காரியம் செய்பவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். உறவு: மகள். கீழே கைநாட்டு. இன்னும் புரட்டியபோது அப்படி ஐந்து இருந்தன. ஒன்றில் மனைவி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து மூட்டை சுமந்த மனிதர்களுக்கு, பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்கள் கொள்ளி வைத்திருக்கிறார்கள். பண்டாரமும் நடத்தி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் திறந்து வைத்திருந்த கதவைப் படித்தவனான நான் சாத்தி, அதற்குச் சமயம் என்று பெயரும் வைத்திருக்கிறேன். அலமாரி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, முதலில் கண்ட அந்த மகளின் தாளை நகலெடுத்துக்கொண்டேன்.

குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது இப்போதைய தலைவர், என் பழைய மாணவர், தேநீர்க் கோப்பையை வைக்கவே இல்லை. "இதுக்கா சார் தீர்மானம்? ஃபாரத்துல அந்த வரிய அழிச்சிட்டா போச்சு லா" என்றார். இரண்டு நிமிடத்தில் அழித்தும்விட்டார்கள். இத்தனை எளிதில் போகக்கூடிய ஒன்றுக்காகவா ஒரு பெண்ணின் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினேன் என்று திகைத்து நின்றேன்.

புதிய படிவத்தையும் பழைய கைநாட்டுத் தாளின் நகலையும் எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் அக்காவைப் பார்க்கப் போனேன். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய தாளில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவங்கள எங்கப்பாவுக்குத் தெரியும் சார். அந்தச் சாவுக்கு அப்பா போயிருந்தாரு. அந்தப் பொண்ணு வச்ச மாதிரி நீயே எனக்கு வச்சிருன்னு படுக்கையில சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதனாலதான் அன்னிக்குக் குளிச்சிட்டு வந்து நின்னேன்."

"அத அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னேனே சார். ரெண்டு தடவ சொன்னேன். நீங்க பண்டாரத்தோட பேசிக்கிட்டு இருந்தீங்க."

மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. புதிய படிவத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "வேற யாருக்காவது ஆகும், குடுங்க" என்றார். வாசல்வரை வந்து, நான் படியிறங்கும்போது கேட்காமலேயே ஒன்று சொன்னார்: "சேலைய நான் மாத்தல சார். நீங்க எல்லாம் திரும்பி வர்ற வரைக்கும் அதோடதான் நின்னேன். மேலேயே காஞ்சிடுச்சு."

தினமும் நினைத்துப் பார்க்கிறேன். முந்தானையிலிருந்து சொட்டிய நீர் நினைவுக்கு வருகிறது. தரையில் பரவிய ஈர வட்டமும் தள்ளி வைத்த என் காலும் வருகின்றன. அவர் இரண்டு தடவை சொன்னது மட்டும் வரவில்லை.