தொட்டிக்குள்ளிருந்து வந்த தட்டல்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால், இதை நம்பாமல் இருக்க என்னைவிட அதிகம் பாடுபட்டவன் எவனும் இருக்க முடியாது.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம். பதினோரு மாடி அலுவலகக் கட்டடம். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது, தெருவில் கார்கள் போகின்றன. ராத்திரி தனியாக எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வருவேன். விடுமுறை நாள் மத்தியானம்தான் எனக்கு ஆகாது.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர் சம்பந்தமான வேலை முழுக்க எங்கள் இருவர் பொறுப்பு. நானும், என் அக்கா புருஷனும். மச்சானை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். சேர்ந்த புதிதில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கூடவே நடந்து காட்டிக்கொடுத்தேன். பிறகு சூப்பர்வைசர் நாற்காலி காலியானது. மேனேஜர் என்னைத் தாண்டிப் போய் அவரைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு கை கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. மூடி மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான்.

வால்வு என்றால் மூடித் திறக்கிற சமாச்சாரம்தானே என்று நினைப்பீர்கள். தொடாமலே விட்டால் துருவேறி இறுகிவிடும். குழாய் உடைந்து மாடி முழுக்கத் தண்ணீர் ஓடும்போது ஓடிப்போய்ச் சக்கரத்தைத் திருப்பினால் அசையாது. அதனால் வருடத்தில் ஒருநாள், ஆபீஸ் மூடியிருக்கும்போது, எல்லா வால்வையும் முழுசாக மூடுவோம், முழுசாகத் திறப்போம், பிறகு மறுபடி இறுகாமல் இருக்கக் கால் சுற்று பின்னால் திருப்பி விடுவோம். அன்றைக்கு அதுதான் வேலை.

எங்களுக்குள் இரண்டு வழக்கம் உண்டு. அடித்தளத்தில் போன் எடுக்காது. அதனால் பேச்சு எல்லாம் குழாய் வழியாகத்தான். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மூடு. இரண்டு தட்டினால் திற. விடாமல் தட்டினால் ஆபத்து, ஓடி வா. கீழே பம்ப் அறையில் தட்டினால் மேல்மாடி வரைக்கும் ணங்கென்று கேட்கும்.

இன்னொன்று சிவப்புத் துணி. ஒரு வால்வை மூடிவிட்டு அதை நம்பி ஒருவன் வேலைக்கு இறங்கினால், சக்கரத்தில் தன் துணியைக் கட்டிவிட்டு இறங்குவான். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்து சொன்னாலும் அடுத்தவன் தொடக்கூடாது. கொளுத்துகிற வெயிலானாலும் கொட்டுகிற மழையானாலும் அதில் மாற்றமில்லை.

அன்றைக்குக் கூடுதலாக ஒரு வேலை சேர்ந்துகொண்டது. பம்ப் அறைக்கு அடியில் பெரிய தொட்டி இருக்கிறது. பம்ப் தண்ணீர் உறிஞ்சுகிற குழாயின் அடி நுனியில் ஒரு வால்வு. ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது பழுதாகியிருந்தது. தொட்டிக்குள் இறங்கித்தான் மாற்ற வேண்டும்.

தெருவிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயின் வால்வு, தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. மச்சான் அதை மூடித் தன் துணியைக் கட்டினார். தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறக்கினோம். தொட்டியின் இரும்பு மூடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, சுவரில் சாய்த்து வைத்தோம். ஒரு ஆளால் அதை அசைக்கவே முடியாது.

"நான் மேல நிக்கட்டுமா மச்சான்?"

"வேணாம் மாப்ள. நீ போய் மாடி வால்வெல்லாம் பாரு. சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்."

தொட்டிக்குள் ஆள் இறங்கினால் மேலே ஒருவன் நின்றே ஆக வேண்டும். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார் அல்லவா! சரிங்க சார் என்று மனசுக்குள் கிண்டலாகச் சொல்லிக்கொண்டு படியேறினேன்.

முதல் மூன்று மாடியிலும் ஒரு வில்லங்கமும் இல்லை. சக்கரங்கள் வழக்கம்போல முரண்டு பிடித்தன, திட்டிக்கொண்டே திருப்பினேன்.

நான்காவது மாடியில் குழாய் அறையைத் திறந்தேன். அந்த வால்வு எப்போதும் என் உயிரை வாங்கும். இரண்டு கையாலும் தொங்கினால்தான் அசையும். அன்றைக்கு ஒரு விரலால் சுற்றியது. சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது, இவ்வளவு நேரம் யாரோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

மச்சான் காலையிலேயே வந்து எண்ணெய் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவர்தான்... அதுவும் எரிச்சலாக இருந்தது.

முழுசாக மூடினேன். கழிப்பறைக் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அழுத்தமாகவே கொட்டியது. திரும்ப வந்து சக்கரத்தைப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறது. கழிப்பறையில் இன்னும் சலசலவென்று சத்தம். நான் கதவருகே போனதும் நின்றது.

நடைவழியில் தானாக எரிகிற விளக்குகள். ஆள் நடந்தால் மட்டும் எரியும். நான் ஒரு கோடியில் அசையாமல் நின்றிருந்தேன். மறு கோடியில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது. அதற்கு அடுத்தது...

என் தலைக்கு மேல் வந்ததும் நின்றது.

அப்போதுதான் கேட்டது.

ணங்... ணங்.

இரண்டு தட்டு. திற.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. அவர் இறங்கி அரை மணிகூட ஆகவில்லை. அதற்குள் முடித்துவிட்டாரா? ஆனாலும் துணி அவருடையது. அவர் மேலே வந்து அவர்தான் அவிழ்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் படியிறங்கினேன். அந்த விளக்குகளுக்குக் கீழே இன்னும் ஒரு நொடி நிற்க மனம் வரவில்லை. வீட்டுக்கும் போக வேண்டும். அதோடு, அவர் போட்ட முடிச்சை நான் அவிழ்த்தால் என்ன என்கிற திமிரும் இருந்தது.

சின்ன அறைக்கு வந்தேன். சிவப்புத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த அறையில் ஒரு துளிக் கசிவு கிடையாது.

முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது.

மீதியை நான் அவிழ்த்தேன்.

சக்கரம் வெண்ணெய் மாதிரி சுழன்றது. குழாய்க்குள் தண்ணீர் பாய்கிற இரைச்சல் கேட்டது. வேலை முடிந்தது என்று படிக்கட்டில் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் டீ மிச்சமிருந்தது. ஊற்றினேன்.

ணங் ணங் ணங் ணங் ணங்...

விடாமல்.

இங்கேதான் நான் மனுஷனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நான் உடனே எழவில்லை. "இப்ப என்னவாம் இவருக்கு" என்று முணுமுணுத்தேன். டீயைக் குடித்தேன். ஒரு நிமிடம் இருக்குமா? இரண்டு? சூடாக இருந்தது என்று ஊதி ஊதிக் குடித்தேன்.

தட்டல் மெலிந்தது.

பிறகு நின்றது.

அப்போதுதான் உறைத்தது.

பாய்ந்துபோய்ச் சக்கரத்தைப் பிடித்தேன். திறக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்த சக்கரம் இப்போது அசையவில்லை. முழு பலத்தையும் போட்டேன். அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டு எதிர்த்துத் திருப்புகிற மாதிரி... தோள்பட்டை விண்ணென்றது. ஒருவழியாக மூடினேன்.

கீழே ஓடினேன்.

பம்ப் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தொட்டி மூடியிருந்தது.

இரண்டு பேர் தூக்கிச் சாய்த்து வைத்த மூடி. தொட்டியின் வாயில் கச்சிதமாகப் பொருந்திக் கிடந்தது.

அதை எப்படித் தூக்கினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நகம் பெயர்ந்து வந்தது.

உள்ளே ஒரே இருட்டு.

"மச்சான்!"



டார்ச் அடித்தேன். உட்கார்ந்த வாக்கில் மச்சான், கழுத்துவரை தண்ணீர். அண்ணாந்த முகம். வாய் மட்டும் திறந்து மூடியது. கழற்றி வைத்த உறிஞ்சு குழாய் சரிந்து அவர் காலை நசுக்கிப் பிடித்திருந்தது. இறங்கினேன். மூழ்கிக் குழாயை நெம்பினேன். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

தரையில் கிடந்தோம். மச்சான் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணுக்கால் நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் மேனேஜர் விசாரித்தார். துணியை யார் அவிழ்த்தது என்று கேட்கப் போகிறார் என்று எதிர்பார்த்து நின்றேன். மச்சான் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்.

"என் தப்புதான் சார். அவசரத்துல நானே ரெண்டு தட்டு தட்டிட்டேன். துணிய அவிழ்க்கச் சொல்லி முன்னாடியே சொல்லியிருந்தேன்."

அப்படி அவர் சொல்லவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவருக்கு வேலை போனது. சூப்பர்வைசர் நாற்காலி எனக்கு வந்தது. நான் அதில் உட்கார்ந்தேன்.

அக்கா என் இரண்டு கையையும் பிடித்து, "நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்னடா ஆயிருக்கும் தம்பி" என்று அழுதாள். அவள் அப்படி அழுத ஒவ்வொரு தடவையும் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பேசாமல் இருந்தேன்.

போன மாதம் முடிவு செய்தேன். யாருக்காக இல்லாவிட்டாலும் எனக்காகச் சொல்லிவிடுவது. கேட்காமல் அவிழ்த்தேன், டீ குடித்துக்கொண்டிருந்தேன், எல்லாம். அக்கா கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். மச்சான் ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், அன்னைக்கு..."

"தெரியும் மாப்ள" என்றார். "நீ சொல்ல வேணாம். உங்க அக்காகிட்ட நான் மூச்சு விடல."

"என்ன தெரியும்?"

"நானா தட்டல. உள்ள திடீர்னு லைட் அணைஞ்சிடுச்சு. பின்னாடி தண்ணியில யாரோ நடந்து வர்ற சத்தம். நீதான் இறங்கி வர்றன்னு பேசாம இருந்தேன். ஸ்பேனரோட என் கையப் பிடிச்சு, ரெண்டு தட்டு... அப்புறம் ஏணியில ஏறிப் போன சத்தம். மூடி விழுந்த சத்தம். அந்த அதிர்ச்சியிலதான் குழாய் சரிஞ்சு கால் மாட்டுச்சு."



"மச்சான்... நான் நாலாவது மாடியில இருந்தேன்."

"காதுகிட்ட, 'அவ்வளவுதான் மச்சான்'னு சொன்னியே. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சத்தியமா நான் இல்ல மச்சான்."

அவர் தலையாட்டினார். காலை முக்காலியில் சரிசெய்து வைத்துக்கொண்டார்.

"அந்த வேலை அவ்வளவு வேணும்னு இருந்தா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்ள. நானே குடுத்திருப்பேனே."