எட்டு நிமிடம் முந்திய சர்வர்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் நெட்வொர்க் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர், வாசலில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மெஷின், எல்லாமே ஒரு சர்வரைக் கேட்டுத்தான் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். அந்தச் சர்வரிலிருந்து எது எவ்வளவு விலகுகிறது என்பது என் திரையில் தெரியும்; விலகாவிட்டால் பச்சை. அதற்கு ஆஃப்செட் என்று பெயர். காலையில் டீயோடு உட்கார்ந்து வரிசையாகப் பச்சை விளக்குகளைப் பார்ப்பேன். அந்தச் சுகம் இப்போது வீட்டில் குடிக்கும் எந்த டீயிலும் இல்லை. கைக்கடிகாரத்தைக்கூட அந்தச் சர்வரைப் பார்த்துத்தான் வைப்பேன். அவ்வளவு திமிர்.

லேப் அசிஸ்டென்ட் ஸ்டெல்லா ஆவூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒப்பந்த வேலை. அந்த வருடம் லேட் மார்க் குவிந்துபோய், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நிர்வாகம் கடிதம் தயார் செய்துவிட்டது. அவர் என்னிடம் வந்து நின்றார்.

“பஸ்ஸ விட்டு எறங்கி ஓடித்தான் சார் வாரேன். போன்ல ஒம்பதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கு. மெஷின் ஒம்பது மூணுங்குது.”

“போன் முன்னப்பின்ன காட்டும்மா. இங்க நூறு மெஷினும் ஒரே நேரம் சொல்லுது, பாருங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினேன். கடிகாரங்கள் சரி என்று பிரின்சிபாலுக்கு ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் கேன்டீன் ரேடியோவில் ஒரு மணிச் செய்தி ஆரம்பித்தது. என் கைக்கடிகாரத்தில் ஒன்று எட்டு. ஓடிப்போய்ப் பார்த்தால், சரியான நேரம் தரும் வெளி டைம் சர்வரைக் கேட்பதையே எங்கள் சர்வர் நிறுத்தியிருந்தது. என்னைத் தவிர சர்வர் பாஸ்வேர்ட் தெரிந்த ஆபீஸ் மேனேஜரிடம் கேட்டேன். அவர் அசரவில்லை.

“நாந்தான் சார், காலேஜ் தொறந்தப்பவே அத நிறுத்திட்டு எட்டு நிமிசம் கூட்டி வச்சேன். எங்க வீட்டுக் கடிகாரமும் அப்புடித்தான். அப்பத்தான் ஆளுக நேரத்துக்கு வருவாங்க.”

ஊரில் பாதி வீட்டில் இதுதான் வழக்கம், அவரைச் சொல்லி என்ன? நூறு மெஷினும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அவை ஒத்துப்போனதை, சரியாக இருப்பதாக நினைத்தவன் நான்தான். டவுனிலேயே இருந்த மற்ற ஊழியர்கள் எப்போதும் சீக்கிரமே வந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

நேரே பிரின்சிபாலிடம் போனேன். “என் ரிப்போர்ட் தப்பு சார். அந்தப் பொண்ணு நேரத்துக்குத்தான் வந்திருக்கு,” என்றேன். கூசிப்போனேன். கடிதம் கையெழுத்தாகாமல் நின்றது.

அன்றே சர்வரைத் திருத்தி, ஒப்பிட்டுப் பார்க்க வெளி நேரத்தையும் திரையில் சேர்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“ஏழு மாசமா ஓடியாந்தேன் சார். அன்னைக்கி நீங்க என் போன வாங்கிக்கூடப் பாக்கல.”